‘அனுப்புகிறோம்’ என்று எழுதியதற்கு ஒரு லட்சம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய கொலுசுப் பட்டறை ஒன்று இருக்கிறது. அப்பா நடத்திய காலத்தில் சரக்கு மதுரைக்கும் விஜயவாடாவுக்கும் போகும். எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), கூலி ஆகிய மூன்றையும் தொலைபேசியில் பேசி முடித்தால் போதும். துண்டுச்சீட்டுக்கு மேல் எழுத்து வேலை இருந்ததில்லை. நான் பொறுப்பேற்ற பிறகு, 2024 ஜூலையில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து எங்களுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அவர் குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குஜராத்தியோ இந்தியோ தெரியாது. ஆகையால் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம் மட்டுமே. அந்த ஆங்கிலத்தில் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாததால் நான் இழந்த தொகை ஒரு லட்சத்து ஆயிரத்து நானூறு ரூபாய். அது கணக்கில் வந்த இழப்பு. இரவு ஒரு மணிக்கு எழுந்து கைப்பேசியைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்த நாட்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. நான் இவ்வளவு பட்டதற்குக் காரணம், இதை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றாமல் போனதுதான்.

என் ஆங்கிலம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன், பிறகு பி.காம். முடித்தேன். ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றால் ‘வில்’ அல்லது ‘ஷல்’ என்பதுதான் எனக்குக் கற்பிக்கப்பட்ட ஒரே விதி. தமிழில் ‘செய்வேன்’ என்பதற்கு ‘வ்’ இருப்பது போல, ‘படிப்பேன்’ என்பதற்கு ‘ப்’ இருப்பது போல, ஆங்கிலத்துக்கு ‘வில்’ என்று நினைத்திருந்தேன். அந்த விதியே அரைகுறையானது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். ஆங்கில வினைச்சொல் இறந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் மட்டுமே தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். எதிர்காலத்துக்கு என்று அதற்குத் தனி வடிவம் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப நான்கைந்து வழிகளை அந்த மொழி வைத்திருக்கிறது, ஒவ்வொரு வழியும் வெவ்வேறு செய்தியைச் சொல்கிறது. இது தெரியாமல், மின்னஞ்சலில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவிட்டால் போதும் என்று நம்பி நான் வியாபாரத்தில் இறங்கினேன்.

முதல் சறுக்கல் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே நடந்தது. கொலுசின் கண்ணிகளைப் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கக் கூடாது என்பதில் அந்த நாட்டில் கண்டிப்பு அதிகம். நகையின் உலோகப் பகுதியில் எடையில் 0.01 சதவீதத்தை அது எட்டினாலே சரக்கை விற்க முடியாது. காட்மியம் இல்லாத பொடியைத்தான் பயன்படுத்துகிறீர்களா என்று அவர் கேட்டிருந்தார். எங்கள் பட்டறையில் பல ஆண்டுகளாக அந்தப் பொடிதான் ஓடுகிறது. ‘ஆமாம், நாங்கள் காட்மியம் இல்லாததைத்தான் போடுவோம்’ என்று மனதில் தமிழ் ஓட, கை ‘யெஸ், வீ வில் யூஸ் காட்மியம் ஃப்ரீ சோல்டர்’ என்று எழுதியது. மறுநாள் வந்த பதிலில் அவர், அப்படியானால் இதுவரை எதைப் பயன்படுத்தினீர்கள், நீங்கள் அனுப்பிய மாதிரிக் கொலுசில் இருப்பது எந்தப் பொடி என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நேராகப் பதில் சொன்னவனைச் சந்தேகப்படுகிறாரே என்று நினைத்தேன். அவருக்கு நம்பிக்கை வர ஆய்வகச் சான்று கேட்டார். பரிசோதனைக்கும் கூரியருக்குமாக 9,400 ரூபாய் செலவாயிற்று. உண்மையில் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, நான் எழுதியதை எழுதியபடியே படித்திருக்கிறார். தமிழில் ‘போடுவோம்’ என்பது இனிமேல் நடக்கப்போவதையும் குறிக்கும், என்றும் வழக்கமாக நடப்பதையும் குறிக்கும். ‘காலையில் ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறப்போம்’ என்றால் நாளைக்கு மட்டும் திறப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் வழக்கத்தைச் சொல்ல ‘வீ யூஸ்’, ‘வீ ஓபன்’ என்று சாதாரண நிகழ்காலமே போதும். அங்கே ‘வில்’ சேர்த்தால், இன்றைக்கு இல்லாதது இனிமேல் வரும் என்ற பொருள் தொனிக்கும். தமிழ் பேசும் நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதும் வாக்கியத்தில் ‘தினமும்’ அல்லது ‘எப்போதும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் அங்கிருக்கும் ‘வில்’லை எடுத்துவிடலாம்.

அதே மாதத்தில் முன்பணம் குறித்து எழுதும்போது ‘யூ வில் பே தர்ட்டி பர்சென்ட் அட்வான்ஸ்’ என்று எழுதினேன். முப்பது சதவீதம் நீங்கள் தருவீர்கள் அல்லவா என்ற பணிவில் எழுதியது, அவருக்கு மேலதிகாரி கடைநிலை ஊழியருக்கு இடும் கட்டளை போலக் கேட்டிருக்கிறது. பணம் வந்தது, ஆனால் அதற்குப் பிறகு அவருடைய மின்னஞ்சல்களில் வழக்கமான நலம் விசாரிப்பு நின்றுபோனது. எதிரில் இருப்பவரின் செயலைப் பற்றி ‘யூ வில்’ என்று தொடங்கும் வாக்கியத்தை அனுப்புவதற்கு முன்னால் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

இனி முக்கியமான தவறுக்கு வருகிறேன். ஆர்டர் எண்பது ஜோடி. ஜோடி சுமார் அறுபது கிராம், 92.5 டச், சலங்கை இல்லாமல் மெல்லிய கண்ணி, ஓரத்தில் நீல எனாமல். வெள்ளி கிராம் நூறு ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முன்பணம் போக மீதிக்குக் கடன் வாங்கித்தான் வெள்ளி எடுத்தேன். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி. இங்கிலாந்தில் 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை ஹால்மார்க் முத்திரை இல்லாமல் வெள்ளி என்று சொல்லி விற்கக் கூடாது. லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்ட், எடின்பரோ ஆகிய நான்கு ஊர்களில் அந்த முத்திரையைப் போடும் சோதனை அலுவலகங்கள் இருக்கின்றன. சரக்கு போய்ச் சேர்ந்து, சுங்கம் தாண்டி, பர்மிங்ஹாமில் முத்திரை பெற்று, கடைக்கு வந்து சேர வேண்டும் என்பதால் செப்டம்பர் 20ஆம் தேதி சரக்கு சேலத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆகஸ்ட் 28ஆம் தேதி, அந்தத் தேதியில் கிளம்புமா என்று கேட்டு எழுதினார். நான் ஒரே வரியில் ‘யெஸ் சார், வீ ஆர் செண்டிங் ஆன் ட்வென்டியத் செப்டம்பர்’ என்று பதில் போட்டேன்.

இந்த வரியை எழுதியபோது என் மனதில் இருந்தது ‘அனுப்புகிறோம் சார்’ என்ற தமிழ். கடைவீதியில் யார் எதைக் கேட்டாலும் நாம் சொல்வது அதுதான்: ‘நாளைக்குத் தருகிறேன்’, ‘வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்’. அது சில நேரம் வாக்குறுதி, சில நேரம் ஆசை, சில நேரம் கேட்டவரை அந்த நிமிடத்துக்குச் சமாதானப்படுத்தும் சொல். கேட்பவரும் உள்ளூர்க்காரர் என்பதால் எவ்வளவு தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் ‘வீ ஆர் செண்டிங்’ என்று தேதியோடு சேர்த்து எழுதினால், அது ஏற்கெனவே பிறரோடு பேசி முடித்து ஏற்பாடாகிவிட்ட காரியம். பெட்டி எடுக்க வருபவருக்குச் சொல்லியாகிவிட்டது, தாள்கள் தயாராகின்றன, நாள் குறித்தாகிவிட்டது என்றெல்லாம் அந்த ஒரு வடிவத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதை நம்பி அவர் சுங்க முகவரிடம் நாள் வாங்கினார், பர்மிங்ஹாமில் முத்திரைக்கு நேரம் குறித்தார், வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவைத்தார். நான் என்ன ஏற்பாடு செய்திருந்தேன் என்றால், எதுவுமே செய்யவில்லை. ஆடிப் பண்டிகைக்கு ஒரு வாரம் பட்டறை ஓடாததால் கண்ணி வேலையே பாதியில் நின்றிருந்தது. எனாமலும் பாலிஷும் வெளியே கொடுத்துச் செய்ய வேண்டியவை. அந்தப் பட்டறைக்காரரிடம் நான் தேதியைச் சொல்லக்கூட இல்லை. செப்டம்பர் 12ஆம் தேதி எண்பது ஜோடியில் முப்பதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனபோது, தீபாவளிக்கான உள்ளூர் வேலை வரிசையில் நிற்கிறது, பதினைந்து நாளுக்குப் பிறகுதான் உங்களுடையதைத் தொட முடியும் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, முன்கூட்டியே சொல்லாதது நான்தான்.

அதற்குப் பிறகு நான் எழுதிய மின்னஞ்சல்களை இப்போது எடுத்துப் படித்தால் முகம் சுருங்குகிறது. பதினெட்டாம் தேதி ‘வீ வில் செண்ட் டுமாரோ’ என்று எழுதினேன். இருபதாம் தேதி ‘வீ வில் டெஃபினிட்லி செண்ட்’ என்றேன். இருபத்து மூன்றாம் தேதி ‘சூர்லி வீ வில் செண்ட்’ என்றேன். உறுதியைக் கூட்டிக்கொண்டே போவதாக நினைத்து எழுதிய அந்த வரிசை, அங்கே தலைகீழாக வேலை செய்தது. அவர் எழுதிய பதிலின் சாரம் இது: ஆகஸ்டில் அனுப்புவது ஏற்பாடாகிவிட்டதாகச் சொன்னீர்கள், இப்போது ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுத்து வாக்குறுதி தருகிறீர்கள், அப்படியானால் ஆகஸ்டில் சொன்னது என்ன? ‘வில்’ என்பது பெரும்பாலும் பேசுகிற அந்த நொடியில் எடுக்கும் முடிவுக்கும், கொடுக்கும் வாக்குக்கும், தானாக முன்வந்து செய்யும் உதவிக்கும் உரியது. தொலைபேசி மணி அடித்ததும் ‘நான் எடுக்கிறேன்’ என்று எழுந்து போகிறோமே, அந்த ‘எடுக்கிறேன்’ ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கெட்டிங்’ ஆகாது, ‘ஐல் (ஐ வில்) கெட் இட்’ என்றுதான் வரும். முன்பே முடிவானதாகச் சொன்ன ஒன்றை இடையில் ‘வில்’லுக்கு மாற்றினால், ஏற்பாடு உடைந்துவிட்டது என்பதை நாமே ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள்படும். எனக்குத் தெரியாமலேயே நான் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் அக்டோபர் 7ஆம் தேதி, பதினேழு நாள் தாமதமாக, முடிந்த நாற்பத்து நான்கு ஜோடி மட்டும் சென்னை வழியாகப் போனது. மீதி முப்பத்தாறு ஜோடியை அவர் ரத்து செய்தார். தவறிய முத்திரை நேரத்துக்கும் முகவர் செலவுக்குமாக 310 பவுண்டைப் பிடித்துக்கொண்டார். நம் பணத்தில் ஏறக்குறைய 34,000 ரூபாய். சலங்கை இல்லாத கொலுசை உள்ளூரில் யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கடைக்காரர் அதைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்துவிட்டு, ‘சத்தமே இல்லையே தம்பி, இது யாருக்கு?’ என்று கேட்டுத் திருப்பித் தந்தார். உருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கூலியும் எனாமலும் சேதாரமும் சேர்ந்து 47,000 ரூபாய் மூசையில் கரைந்தது. கடனுக்கான கூடுதல் வட்டி 11,000 ரூபாய். அதற்குள் வெள்ளி விலை ஏறியிருந்ததால் உருக்கிய வெள்ளியில் கொஞ்சம் தேறியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அது என் சாமர்த்தியத்தால் வந்ததில்லை.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு கூத்து நடந்தது. நான்கு ஜோடிகளைக் குறிப்பிட்டு ‘தி ஹுக் வோண்ட் க்ளோஸ்’ என்று எழுதியிருந்தார். ‘வோண்ட்’ என்றால் ‘வில் நாட்’; ஆகவே கொக்கி பிற்காலத்தில் மாட்டாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார் என எடுத்துக்கொண்டு, ‘டோண்ட் வொர்ரி, இட் வில் க்ளோஸ்’ என்று தைரியம் சொன்னேன். அவர் சொன்னது பிற்காலத்தைப் பற்றியதே அல்ல. இப்போது, கையில் வைத்து அழுத்தும்போது, கொக்கி மாட்ட மாட்டேன் என்கிறது என்பதுதான் அவருடைய குறை. எனாமல் சூட்டில் கொக்கியின் வளைவு கொஞ்சம் விரிந்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாமும் உயிரற்ற பொருளை அதே மாதிரிதான் பேசுகிறோம்: பூட்டு திறக்க மாட்டேன் என்கிறது, வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. ‘வில்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் விரும்புதல் என்ற பொருளில் இருந்தது; அந்த விருப்பத்தின் மிச்சம்தான் ‘வோண்ட்’டில் மறுப்பாக நிற்கிறது. தமிழில் யோசித்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும் வாக்கியத்தை, பள்ளிக்கூட விதியை வைத்துத் தப்பாகப் படித்தேன்.

நவம்பரில்தான் உதவி கிடைத்தது. ஏற்காட்டில் முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கும் ஆசிரியை ஒருவர் எங்கள் பட்டறைக்குப் பழைய வாடிக்கையாளர். பேத்தியின் கொலுசைச் சீர் செய்யக் கொண்டுவந்தவரிடம் பேச்சுவாக்கில் நடந்ததைச் சொன்னேன். ‘அந்த மெயில்களையெல்லாம் தாளில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேலே வா’ என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தபோது, எதிரே பக்கத்துத் தோட்டத்தின் களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் இலக்கணம் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் எதிர்காலம் வரும் வரிக்குப் பக்கத்தில், அந்தச் செயல் அன்றைய தேதியில் எங்கே இருந்தது என்று எழுதச் சொன்னார்: என் மனதில் மட்டும் இருந்ததா, வேறு யாரோடாவது பேசி முடித்திருந்ததா, அல்லது நம் கையில் இல்லாமல் கால அட்டவணையில் இருந்ததா. ஆகஸ்ட் 28ஆம் தேதி வரிக்குப் பக்கத்தில் ‘யாரோடும் பேசவில்லை’ என்று எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, ‘அப்படியானால் அங்கே ‘வீ ஆர் ப்ளானிங் டு செண்ட்’ என்றோ ‘வீ ஹோப் டு செண்ட்’ என்றோ எழுதியிருக்க வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, வாங்குகிறவர் அதற்கேற்ப இரண்டு வாரம் தள்ளியே நாள் குறித்திருப்பார்’ என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது களத்தில் இருந்த காவல்காரர் சேர்வராயன் மலைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். வெண்மையாகப் புகைபோலக் கீழிறங்கி வந்த மேகத்தைக் கண்டதும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடியபடியே, ‘மழை வரப் போகுது, வாங்க வாங்க’ என்று உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டார். டீச்சர் என் பக்கம் திரும்பி, ‘கோயிங் டு’ இதுதான் என்றார். கண்ணெதிரே அறிகுறி இருக்கிறது, அல்லது மனதில் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அப்போது ‘வரப் போகிறது’, ‘வாங்கப் போகிறேன்’. தமிழும் ஆங்கிலமும் ‘போ’ என்ற ஒரே வினையைக் கொண்டு இதைச் சொல்வது எனக்கு அன்றுதான் உறைத்தது. வானொலியில் நாளைக்கு மழை பெய்யும் என்று சொன்னால் அது கணிப்பு, அங்கே ‘வில்’ பொருந்தும். தார்ப்பாயோடு ஓடுகிறவருக்கு ‘வில்’ பொருந்தாது. ஆக, முடிவு எடுத்தாகிவிட்டது ஆனால் இன்னும் யாரோடும் ஏற்பாடு செய்யவில்லை என்றால் ‘கோயிங் டு’. ஏற்பாடும் முடிந்துவிட்டது என்றால் ‘ஆர் செண்டிங்’. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எல்லா இடத்திலும் கத்தியால் கீறியது போல இருக்காது என்பதையும் அவர் சொன்னார். ஆனால் தேதியும் பணமும் கலந்த கடிதத்தில் அந்தக் கோட்டை மதிப்பதுதான் பிழைக்கும் வழி.

அன்று இன்னொன்றையும் கற்றேன். ‘வென் தி பேமென்ட் வில் கம், வீ வில் ஸ்டார்ட்’ என்று நான் பலமுறை எழுதியிருந்தேன். டீச்சர் அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். ‘பணம் வந்ததும் தொடங்குவோம்’ என்றேன். ‘வந்ததும் என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘பணம் வந்தால்’, ‘பணம் வந்ததும்’ என்று நாமே எதிர்காலத்தைச் சேர்க்காமல்தான் பேசுகிறோம். ‘தொடங்குவோம்’ என்ற முற்றுவினையில் ஒரு முறை சொன்னால் போதும். ஆங்கிலத்திலும் ‘வென்’, ‘இஃப்’, ‘அன்டில்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’ ஆகியவற்றுக்குப் பின்னால் ‘பேமென்ட் கம்ஸ்’ என்று நிகழ்காலமே நிற்கும். கிளம்பும் நேரம் அச்சிட்டுத் தொங்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும் கூட அதே சாதாரண நிகழ்காலம்தான்: ‘தி ஃப்ளைட் லீவ்ஸ் அட் சிக்ஸ்’. ஒரு காலத்துக்குரிய செயலை வேறு காலத்தில் சொல்வதற்கு விரைவு, மிகவு, தெளிவு, இயல்பு என்று நன்னூல் நான்கு காரணம் காட்டுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தச் சூத்திரம், ஆங்கில ஆசிரியை வீட்டுத் திண்ணையில் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

தேதிக்கு முன்னால் ‘பை’ போடுவதா ‘அன்டில்’ போடுவதா என்பதிலும் நான் குழம்பியிருந்தேன். இருபதாம் தேதிக்குள் முடித்திருப்போம் என்றால் ‘வீ வில் ஹாவ் ஃபினிஷ்ட் பை த ட்வென்டியத்’. இருபதாம் தேதி வரை வேலை ஓடிக்கொண்டிருக்கும் என்றால்தான் ‘அன்டில்’. ‘குள்’ளையும் ‘வரை’யையும் தமிழில் மாற்றிப் போடாத நாம் ஆங்கிலத்தில் மாற்றிப் போடுகிறோம். அதே போல, அவர் ‘வில் யூ பி செண்டிங் சாம்பிள்ஸ் திஸ் வீக்?’ என்று நீட்டிக் கேட்டது ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது என்னை நெருக்காமல், உங்கள் போக்கில் இந்த வாரம் அனுப்புவதாக இருக்கிறதா என்று விசாரிக்கும் மரியாதையான முறை. இப்போது அவரிடம் பணம் எப்போது வரும் என்று கேட்கவும் நான் அதே வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறேன். ‘யூ வில் பே’ என்று எழுதிய கைக்கு அது தேவைதான். தொலைபேசியில் பேசுவதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ‘வோண்ட்’டும் ‘வாண்ட்’டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், ‘ஐல்’ என்பதில் ‘வில்’ காதிலேயே விழாது. பேசி முடித்ததும், தேதி வரும் வாக்கியங்களை மட்டும் எழுத்தில் அனுப்பி உறுதி செய்துகொள்கிறேன்.

2025 மே மாதம் அதே கடைக்காரரிடமிருந்து, நான் எதிர்பார்க்காத இரண்டாவது ஆர்டர் வந்தது. இந்த முறை மின்னஞ்சலை நம்பாமல் நான்கு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருந்தார். அதில் ‘ஷல்’ நிறைந்திருந்தது. ‘ஷல்’ என்பது ‘ஐ’, ‘வீ’ ஆகியவற்றோடு வரும் சாதாரண எதிர்காலம் என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்த விதிக்குப் பின்னால் பழைய வரலாறு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், தன்மையில் ‘ஷல்’ என்றால் வெறும் முன்னறிவிப்பு, ‘வில்’ என்றால் வாக்குறுதி, முன்னிலையிலும் படர்க்கையிலும் அது தலைகீழ் என்று எழுதிவைத்தார். இன்றைய பேச்சில் அந்தப் பாகுபாடு பெரும்பாலும் இல்லை. ‘ஷல் ஐ செண்ட் தி போட்டோ?’ என்று அனுமதியோ யோசனையோ கேட்கும் இடத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘தி சப்ளையர் ஷல் டெலிவர்’ என்றால், அனுப்புவது கடமை, தவறினால் பொறுப்பு உங்களுடையது என்று பொருள். அந்தச் சொல்லின் வேரும் கடன்பட்டிருத்தல் என்பதுதான். நான் ‘ஷல்’ வரும் வரிகளை மட்டும் மஞ்சள் மையால் கோடிட்டேன். பதினொரு வரிகள் வந்தன. பாலிஷ் பட்டறைக்காரரையும் கூரியர்காரரையும் நேரில் பார்த்துப் பேசிய பிறகு, ஒன்பதுக்குச் சம்மதம் சொல்லி, இரண்டில் தேதியைப் பத்து நாள் தள்ளித் தருமாறு கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தந்தார். சென்ற ஆண்டு ‘யெஸ் சார்’ சொன்ன நேரத்தில் இப்படிக் கேட்டிருக்கலாமே என்று அன்று இரவு மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன்.

சரக்கு கிளம்ப வேண்டிய நாளில் பெட்டியைக் கட்டி, எடை போட்டு, மதியம் இரண்டு மணிக்கே வாசலில் வைத்துவிட்டேன். பெட்டி எடுக்க வர வேண்டிய பையனுக்குத் தொலைபேசி செய்தால், ‘இதோ வந்துட்டேன்ணா’ என்றான். பின்னால் கேட்ட சத்தத்தை வைத்துப் பார்த்தால் அவன் இன்னும் ஐந்து ரோடு சந்திப்பைக்கூடத் தாண்டவில்லை. விரைவு கருதி வராததை வந்ததாகச் சொல்லும் உரிமை தமிழில் அவனுக்கு உண்டு. அதே நேரத்தில் லெஸ்டரிலிருந்து, பெட்டி கிளம்பியதா என்று வாட்ஸாப்பில் கேள்வி வந்தது. விரல் பழக்கத்தில் ‘கூரியர் கேம்’ என்று தட்டத் தொடங்கியது. அழித்துவிட்டு, ‘தே ஆர் கலெக்டிங் இட் திஸ் ஆஃப்டர்நூன். ஐல் செண்ட் யூ தி நம்பர் வென் ஐ ஹாவ் இட்’ என்று எழுதினேன். நான்கரை மணிக்குப் பையன் வந்தான். ஆறு மணிக்குள் கூரியர் எண்ணை அனுப்பிவைத்தேன்.